எட்டு எண்களை வைத்தே பாதிப் புள்ளியியலைப் பயிற்சி செய்யலாம்

2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எட்டு எண்களை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சூத்திரத்தையும் இதிலேயே போட்டுப் பாருங்கள். சராசரி 5, இடைநிலை (வரிசையின் நடு மதிப்பு) 4.5, முகடு (அதிக முறை வரும் எண்) 4, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) சரியாக 2, எல்லாமே கால்குலேட்டர் இல்லாமல் வரும்.

அப்புறம் எண்களை மாற்றுங்கள், ஆனால் கணக்குப் போடும் முன்பே விடையை ஊகித்து எழுதிவிடுங்கள், அதுதான் இதில் முக்கியம். எல்லாவற்றோடும் 10 கூட்டினால் சராசரி 15 ஆகும், திட்ட விலக்கம் அசையாது. எல்லாவற்றையும் இரட்டித்தால் இரண்டுமே இரட்டிக்கும். கடைசி 9-ஐ மட்டும் 49 ஆக்கினால் சராசரி 10-க்குத் தாவும், இடைநிலை 4.5-லேயே நிற்கும். கணக்கு சுலபமாக இருப்பதால் கவனம் பெருக்கல் வகுத்தலில் போகாமல் எது ஏன் மாறுகிறது என்பதில் நிற்கிறது, தேர்வில் சுற்றி வளைத்துக் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான்.

உங்கள் பாடத்தில் திட்ட விலக்கத்துக்கு n-க்கு (எண்களின் எண்ணிக்கை, இங்கே 8) பதில் n−1 ஆல் வகுக்கச் சொன்னால் திட்ட விலக்கம் சுமார் 2.14 வரும், குழம்ப வேண்டாம். நிகழ்தகவுக்கும் கருதுகோள் சோதனைக்கும் (ஓர் ஊகம் தரவோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது) இந்த வழி உதவாது. அங்கே எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பதே கேள்வி, அதற்கு விதவிதமான கணக்குகளைக் கலந்துதான் போட்டுப் பழக வேண்டும்.