வீடற்றோர் காப்பகத்துக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலம் தொடங்கியதும் சென்னையில் வீடற்றோர் காப்பகங்களுக்கு உதவ நிறையப் புதியவர்கள் வருவார்கள். நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் நாங்கள் எல்லோரும் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் அச்சு மாறாமல் செய்கிறார்கள். கிழிந்ததைக் கொடுக்காதீர்கள், காலாவதியானதைக் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேட்காமல் கொண்டுபோவது

லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னையில் மாநகராட்சியின் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு, மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கு என்று தனித்தனியாக இருக்கின்றன. அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளிகளோடு வந்து தங்குபவர்களுக்கும் உண்டு. ஒரு காப்பகத்தில் உடனே தேவைப்படுவது இன்னொன்றில் மூலையில் கிடக்கும். பெண்கள் காப்பகத்துக்கு இரண்டு மூட்டை வேட்டியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளம்புவதற்கு முன் ஒரு போன் போடுங்கள், போதும்.

ராத்திரி பதினோரு மணி மண்டபச் சாப்பாடு

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை வருஷம் ஆனாலும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

ஒரு வரவேற்பு நிகழ்ச்சி. கடைசிப் பந்தி முடிந்ததும் மண்டபத்திலிருந்து போன்: "நூறு பேர் சாப்பிடுற அளவுக்கு இருக்கு, உடனே வண்டி அனுப்புங்க, பதினொன்றரைக்கு மண்டபத்தைப் பூட்டணும்." அன்றைக்கு போனை எடுத்தவர் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி. சொந்தக் காசில் வண்டி பிடித்துப் போய் அண்டாக்களை ஏற்றிவந்து, தூங்கிக்கொண்டிருந்த பெரியவர்களை எழுப்பிப் பரிமாறிவிட்டார். எப்போது சமைத்தது என்று அவர் கேட்கவில்லை, மண்டபத்துக்காரர்களும் சொல்லவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கே இறக்கிவைத்த சாம்பார் சாதம் அது என்பது பிறகுதான் தெரிந்தது. விடியும் முன்பே வாந்தியும் பேதியும் ஆரம்பித்துவிட்டன. 108-ஐக் கூப்பிட வேண்டியதாயிற்று.

காப்பகத்தில் இருப்பவர்களில் பலர் வயதானவர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். நமக்கு ஒரு நாள் வயிற்றுக் கடுப்போடு போவது அவர்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். கழிப்பறையோ எல்லோருக்கும் சேர்த்து இரண்டோ மூன்றோதான். மறுநாள் மண்டபத்துக்காரர்களிடம் சொன்னபோது வந்த பதில்: "வீணாப் போறதத்தானே கொடுத்தோம்." அந்தப் பதிலை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

இதில் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சியாகவோ வைத்தால்தான் சமைத்த சாப்பாட்டில் கிருமிகள் பெருகாது. மூடி போட்ட பெரிய அண்டாவில் சோறு மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும். அரிசியில் பெரும்பாலும் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமைக்கும்போது சாவதில்லை. அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். அவை உண்டாக்கும் நச்சுகளில் ஒன்று மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால் "சூடு பண்ணிக் கொடுத்துடுங்க" என்று சொல்வதில் பயனில்லை. வாசனை நன்றாக இருக்கிறதே என்பதும் உத்தரவாதம் இல்லை. தேங்காய்ச் சட்னி, அவியல், தயிர் சேர்ந்தவை இன்னும் சீக்கிரம் கெடும்.

மிஞ்சும் உணவைப் பகிர்வதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது. உணவின் பெயர், சமைத்த நேரம், சைவமா அசைவமா என்பதை ஒரு தாளில் எழுதிப் பாத்திரத்தில் ஒட்டுவது பெரிய வேலை இல்லை.

என்ன செய்யலாம்? மண்டபத்தில் விசேஷம் வைப்பவர்கள் சமையல் கான்ட்ராக்டரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பது முதல் பந்தி முடியும்போதே மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். பந்திக்குப் போகாத அண்டாவைத் திறக்காமல் அப்போதே ஒதுக்கி வைத்து, ஏழு ஏழரைக்கே எங்களுக்குச் சொன்னால், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கே வந்து சேரும். இலையில் பரிமாறிய வாளியில் மிஞ்சியதை அதோடு கலக்கவே கூடாது. அதைவிட நல்லது, ஸ்டோர் ரூமில் சமைக்காமல் இருக்கும் அரிசி, பருப்பு, பிரிக்காத எண்ணெய் டின். இவற்றைக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதே இல்லை. எங்களுக்கு அவை பல நாட்களுக்கு வரும்.

நாலு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்த சாப்பாடு என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிறந்தநாள் மதியச் சாப்பாடு

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று குடும்பங்கள் பிரியாணியோடு வருவார்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு ஒன்றும் இருக்காது. எல்லோருக்கும் அவரவர் நாள் முக்கியம்தான். ஆனால் காலை இட்லிக்கோ ஒரு வாரத்துப் பாலுக்கோ பணம் கொடுத்தால் அது இன்னும் நன்றாகப் பயன்படும். கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், இரவுக் காவலாளியின் சம்பளம் ஆகியவற்றுக்குப் பணம் கேட்டால் முகம் சுருங்குகிறது. அவை இல்லாமல் காப்பகம் நடக்காது. கேக்கும் லட்டும் கொண்டுவருகிறவர்கள் அங்கே எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

பழைய துணி

2015 வெள்ளத்தின்போது பழைய துணி சாலையோரங்களில் மலையாகக் குவிந்து கிடந்ததைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு வேண்டியது புது உள்ளாடை, லுங்கி, நைட்டி, நாப்கின், செருப்பு.

படம் எடுப்பது

எடுக்காதீர்கள். அனுமதி கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை.

ரசீது

நன்கொடைக்கு 80ஜி வருமான வரிக் கழிவு எதிர்பார்ப்பவர்கள் கவனிக்க: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கும் இல்லை.

தெருவில் இருப்பவரை நேராக அழைத்துவருவது

முதலில் மாநகராட்சியின் உதவி எண் 1913-க்குச் சொல்லுங்கள். அவருக்கு வர விருப்பம் உண்டா என்று அவரிடமே கேளுங்கள்.

சனிக்கிழமை மட்டும் கூட்டமாக வருவது

பதினைந்து பேர் ஒன்றாக வந்து பரிமாறுவதற்கு அங்கே வேலை இல்லை. ஆள் கிடைக்காதது வார நாட்களில்தான். அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்க வரிசையில் நிற்க வேண்டும். மாத்திரை எப்போது போட வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஆதார் வேண்டும். ஆதாருக்கு முகவரி இல்லையே என்று பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை முகவரிச் சான்றாக ஏற்பார்கள். அதை வாங்கிக்கொண்டு பெரியவரோடு சேவை மையத்துக்குப் போய்வர அரை நாள் ஆகும். மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை உங்களால் வர முடியுமென்றால், எந்தப் புதன் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். யாரை அழைத்துப் போகலாம் என்று நாங்கள் எழுதி வைத்துக்கொள்வோம்.