டீசல் தாங்கியில் அதிர்வுக் கவை உணரியைப் பொருத்தும் முறை

மலையகத் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் மின்சாரம் தடைப்பட்டால், கொழுந்து வாட்டும் விசிறிகள் மின்பிறப்பாக்கியை நம்பியே ஓட வேண்டியிருக்கும். அதன் டீசல் தாங்கி நிரம்பி வழியாமலும் வற்றாமலும் காக்க, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு அதிர்வுக் கவை உணரிகள் போதும்.

இசைக்கவையைப் போன்ற இவ்வுணரியின் இரு கரங்களையும், மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும் அழுத்தமின் பளிங்கு ஒன்று அவற்றின் இயல்பான அதிர்வெண்ணில் இடைவிடாது அதிரச் செய்கிறது. கரங்கள் திரவத்தில் மூழ்கியதும் அதிர்வெண் குறைகிறது. அதைக் கண்டறியும் மின்சுற்று ஆளியை மாற்றுகிறது. திரவம் மின்னைக் கடத்துமா, எந்த நிறத்தில் இருக்கிறது என்பவை இதற்குப் பொருட்டல்ல. ஆனால் எத்தனை லீற்றர் இருக்கிறது என்று இது சொல்லாது. அந்த மட்டத்தில் திரவம் உண்டா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும்.

மேல் உணரியின் உயரத்தைக் கண்மதிப்பில் தீர்மானிக்காமல் கணக்கிட்டுக் கொள்ளுங்கள். பவுசரிலிருந்து நிமிடத்துக்கு 300 லீற்றர் இறங்குகிறது என்றும், உணரி இயக்கும் எச்சரிக்கை மணி ஒலித்ததும் ஓடிப்போய் வால்வை மூட 30 செக்கன் ஆகும் என்றும் வைத்துக்கொண்டால், அதற்குள் 150 லீற்றர் உள்ளே சென்றிருக்கும். நிமிர்ந்த சுவர்களும் 1.5 சதுர மீற்றர் அடிப்பரப்பும் கொண்ட தாங்கியில் இது 10 சென்ரிமீற்றர் உயரம். ஆகவே வழியும் மட்டத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழே பொருத்துவதே பாதுகாப்பானது.

பக்கச் சுவரில் பொருத்தும்போது இரு கரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அல்லாமல் பக்கம் பக்கமாக, தட்டையான முகங்கள் செங்குத்தாக இருக்க வேண்டும். அப்போதுதான் டீசல் கரங்களில் தேங்காமல் வடியும். சரியான திசையைக் காட்டும் குறி பெரும்பாலும் அறுகோணப் பகுதியில் இருக்கும். இறுக்குவதும் அந்த அறுகோணத்தைப் பிடித்தே செய்ய வேண்டும். மின்சுற்று அடங்கிய தலைப்பெட்டியைப் பிடித்துத் திருகுவது நம்மவர்களிடம் அடிக்கடி காணும் தவறு. கரங்களை வளைக்கவோ வெட்டவோ கூடாது.

ரிலே (மின்னால் இயங்கும் ஆளி) இயங்காதபோதே மணி ஒலிக்கும்படி இணையுங்கள். மேல் உணரியை, கரங்கள் உலர்ந்திருக்கையில் ரிலே இயங்கும் முறையிலும், கீழ் உணரியை, கரங்கள் நனைந்திருக்கையில் இயங்கும் முறையிலும் அமைத்தால், கம்பி அறுந்தாலும் உணரிக்கான மின்னூட்டம் நின்றாலும் எச்சரிக்கை எழும். எச்சரிக்கை மணிக்கு மட்டும் தனி மின்கலம் வேண்டும். தாங்கியில் பொருத்துமுன் கரங்களை ஒரு வாளித் தண்ணீரில் நனைத்து, ஆளி மாறுகிறதா என்று பாருங்கள்.

நுவரெலியாப் பக்கத்து மூடுபனி இந்தக் கருவிக்கு டீசலைவிடக் கெடுதல் செய்யும். கேபிள் நுழைவாய் கீழ்நோக்கி இருக்கட்டும். மழைநீர் கேபிள் வழியே வந்து உள்ளே புகாதபடி, நுழைவாய்க்கு முன் கேபிளைச் சற்றுத் தாழ வளைத்து விடுங்கள். குளிர் இரவுகளில் தாங்கிக்குள் ஒடுங்கும் நீர் டீசலுக்கு அடியில் தங்கும். நீரில் மூழ்கிய கீழ் உணரியும் திரவம் இருப்பதாகவே காட்டும் என்பதால், அடிவால்வைத் திறந்து அந்நீரை மாதமொருமுறையேனும் வடித்துவிட வேண்டும்.