பதக்கத்தைப் புளி போட்டுத் துலக்காதீர்கள்

திருவாடானைப் பக்கம் ஒரு வீடு. ராணுவத்தில் இருந்து மறைந்த கணவரின் பதக்கங்களை ஒரு அப்பத்தா தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார். "நீங்க வாரீகன்னு புளி போட்டுத் தேச்சு வச்சிருக்கேன் தம்பி" என்றார். பளபளவென்றுதான் இருந்தன. ஒன்றை எடுத்து விளிம்பைப் பார்த்தேன். பெற்றவரின் படை எண், பதவி, பெயர் எல்லாம் அங்கேதான் பொறித்திருக்கும். எழுத்து மழுங்கிப்போய், எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டன. முழு எண் இருந்திருந்தால் அவர் எந்தப் படைப்பிரிவு என்று தேட வழி கிடைத்திருக்கும். அப்பத்தாவை என்ன சொல்ல? வருவதாகப் போனில் சொன்ன நாங்கள், எதையும் துலக்க வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

படைவரலாற்றைச் சேகரித்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ராமநாதபுரம் கரையோரத்தில் சின்னதாக ஒரு அறக்கட்டளையோ சங்கமோ தொடங்க நினைப்பவர்கள், அதே வேலையைச் செய்துவரும் எங்களிடம் அடிக்கடி யோசனை கேட்கிறார்கள். யோசனை சொல்லும் அளவுக்கு நாங்கள் பெரிய ஆட்கள் இல்லை. செய்த தவறுகளைச் சொல்லலாம்.

முதல் தவறு, விழாவில் தொடங்குவது. மேடை, சால்வை, ஃப்ளெக்ஸ் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். போட்டோவும் நன்றாக வரும். வீடு வீடாகப் போய் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, இருப்பதைப் பதிவு செய்வதற்கு வருஷக்கணக்காகும், கைதட்டும் கிடைக்காது. ஆனால் அந்தப் பெட்டிகளுக்கு அவ்வளவு காலம் இல்லை. நம் ஊர் உப்புக்காற்று இரும்பையே அரிக்கிறது, காகிதம் எந்த மூலை?

காகிதம் என்றதும் லேமினேஷன் ஞாபகம் வருகிறது. படையிலிருந்து வெளிவரும்போது தரும் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் கிழியாமல் இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிடுகிறார்கள். சூட்டில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைப் பின்னால் காகிதத்துக்குச் சேதமில்லாமல் பிரிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். செல்லோ டேப்பும் அப்படித்தான், பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். காகிதத்தை நிழலில், ஈரம் படாமல், ஒட்டாத உறையில் வைத்தாலே போதும். எங்களைப் போன்றவர்கள் அசலை வாங்கிக்கொண்டு வரவே கூடாது. அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து படம் எடுத்துவிட்டு, அவர்கள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு வீட்டுப் பொருட்களை ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்தோம். எந்த பெல்ட் யாருடையது என்று பிரிக்க முடியாமல் இரண்டு வீட்டிலும் தலைகுனிந்து நின்றோம். அப்புறம்தான் நூல் கட்டிய அட்டைச் சீட்டு வழக்கத்துக்கு வந்தது.

இன்னொன்று: எடுத்த படத்தை உடனே வாட்ஸ்அப் குழுவில் போடுவது. அதில் பென்ஷன் ஆணை எண்ணும் வங்கி விவரமும் இருக்கும். மறைத்துவிட்டுப் போடுங்கள். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத்தளம் இருக்கிறது. அந்தப் பக்கம் ட்ரோன் பறக்கவிட்டு 'டாக்குமெண்டரி' எடுக்கும் ஆசையை முளையிலேயே கிள்ளிவிடுங்கள்.

சரி, பாடத்துக்கு வருவோம். ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மன் பேசும் சினிமா வசனம் நம் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தச் சந்திப்பு நடந்தது 1798 செப்டம்பரில், ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில் என்பது அதே ஊர்ப் பிள்ளைகளிலேயே பலருக்குத் தெரிவதில்லை. பேச்சு முறிந்து, கோட்டை வாசலில் கைகலப்பாகி, லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். விசாரணைக்குப் பின் கலெக்டர் ஜாக்சனின் பதவியே போனது. இதை வசனம் சொல்லாது. அதே மண்டபச் சுவர்களில் சேதுபதிக்கும் தஞ்சை மராட்டியருக்கும் நடந்த போர் ஓவியமாக இருக்கிறது. பஸ் வைத்துப் பிள்ளைகளை எங்கெங்கோ கூட்டிப்போகும் முன், நடந்து போகும் தூரத்தில் இருப்பதைக் காட்டலாமே.

எறிந்து தாக்கும் வளைந்த ஆயுதமான வளரியும் இப்படித்தான். மேடையில் அது தலையை வாங்கிக்கொண்டு கைக்கே திரும்பி வருகிறது. ஆதாரத்தோடு சொல்வதற்கு அதைவிட நல்ல கதை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. தேர்ந்த கையில் அது நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்று வெல்ஷ் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ் 1801-ல் மருதுவுக்கு எதிரான படையில் இருந்தார். அந்த அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். இதைச் சொல்லி நிறுத்தினால் எட்டாம் வகுப்பில் கேள்விகள் தானாக வரும்.

நம் மாவட்டத்தில் கத்தி மேல் நடப்பது போன்ற விஷயம் ஒன்று உண்டு: வீரரைச் சாதி பார்த்து 'நம்ம ஆளு' ஆக்குவது. நோட்டீஸில் எந்த நிறம் அடிக்கிறோம் என்பதற்கே இங்கே அர்த்தம் இருக்கிறது. கண்காட்சித் தேதி எந்தக் குருபூஜைக்கு முன்னால் பின்னால் வருகிறது என்பதற்கும்தான். எங்கள் முதல் நோட்டீஸைப் பார்த்த ஒரு தலைமையாசிரியர், "இது யாரு சங்கம்?" என்றுதான் கேட்டார். இப்போது கறுப்பு வெள்ளையில் அடிக்கிறோம். மருது சகோதரர்களின் 1801 ஜூன் 16 திருச்சி அறிக்கை எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் சேர்த்து அழைத்தது. அதை வகுப்பில் வாசிக்கவைத்தால் நாங்கள் தனியாக உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

தப்பான இடத்தில் தேடுவதும் உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த இந்திய வீரர்களைப் பெயரால் இலவசமாகத் தேடலாம். ஆனால் மலேயா, பர்மா போய் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) சேர்ந்து இறந்தவர் அதில் இருக்க மாட்டார். அது பிரிட்டிஷ் தரப்புப் படைகளின் பட்டியல். பட்டியலில் இல்லை என்பதற்காக ஒரு குடும்பத்தின் முகத்துக்கு நேரே "உங்க தாத்தா கதை பொய்" என்று சொன்ன ஆர்வலரை எனக்குத் தெரியும்.

பணத்தில் பலரும் வழுக்கும் இடம் ஒன்று. சிங்கப்பூர் மச்சான், துபாய் மச்சான் என்று நமக்குக் கொடையாளிகளுக்குப் பஞ்சமில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட மச்சான் அனுப்பினால் ஆகும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக்கூடாது. இருவரும் ஒரே தெருக்காரர்கள் என்பது சட்டத்துக்குத் தெரியாது. முதலில் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

கடைசியாக, வகுப்பறை. முன்னாள் ராணுவத்தினரை அழைத்துவந்து "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்கவிடுவது பெரிய தவறு. மண்டபம் பக்கத்துப் பள்ளியில் இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையில் போய்வந்தவர் பேசும்போது, எதிர்ப் பெஞ்சில் இலங்கை அகதி முகாம் பிள்ளை உட்கார்ந்திருக்கும். 1987 முதல் 1990 வரை அங்கே நடந்ததை இரண்டு வீட்டிலும் இரண்டு விதமாகச் சொல்லியிருப்பார்கள். வருபவரிடமும் ஆசிரியரிடமும் முன்னாலேயே பேசிவையுங்கள். லடாக்கின் கல்வானில் 2020 ஜூன் 15-ல் சீனப் படையுடனான மோதலில் உயிர்நீத்து வீர் சக்ரா பெற்ற ஹவில்தார் பழனி நம் மாவட்டத்துக் கடுக்கலூர்க்காரர். அப்படிப்பட்ட குடும்பங்களை வருஷா வருஷம் மேடையேற்றி அழவைப்பதும் பாடம் இல்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "தாத்தா, மலையில சோறு கிடைக்குமா?" அதுவரை ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "சோறு எங்கத்தா வேகும்? அரிசி அரிசியாவே நிக்கும். ஊர்ல இருந்து கொண்டுபோன கருவாட்டைச் சுட்டேன் பாரு, பக்கத்து டென்ட்டு பஞ்சாபிக்காரன் எந்திரிச்சு ஓடிட்டான்." அடுத்த பீரியட் அறிவியல். உயரத்தில் அரிசி ஏன் வேகாது என்று டீச்சர் அங்கிருந்தே தொடங்கினார்.