விலா வலி என்று வந்தால் சிறுநீரகக் கல்தானா? டூட்டி டாக்டருக்கான செய்முறை

அவசரப் பிரிவில் புதிதாக டூட்டி பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல் எல்லாம் பார்த்தாயிற்று என்றே வைத்துக்கொள்கிறேன்.

1. ஆளைப் பாருங்கள்

கல் வலிக்காரர் ஓரிடத்தில் இருக்கமாட்டார். உட்காருவார், எழுவார், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிவார். அசையவே பயந்து விறைப்பாகப் படுத்திருந்தால் வயிற்றுக்குள் வேறு பிரச்சினை இருக்கிறதா என்று யோசியுங்கள்.

2. வலியைக் குறையுங்கள்

ஸ்கேனுக்காக வலியோடு காக்க வைக்காதீர்கள். என் முதல் தேர்வு டைக்ளோஃபினாக். கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் போன்றவை இருந்தால் வேறு மருந்து.

3. சிறுநீர்ப் பரிசோதனை

நான் தவறிய இடம் இதுதான். முப்பது வயதுக்காரர் ஒருவர், இடது விலாவில் வலி. சோதனைப் பட்டையில் ரத்தம் துளியும் இல்லை. தசைப்பிடிப்பு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். விடிவதற்குள் அதே வலியோடு திரும்பி வந்தார். சி.டி.யில் பார்த்தால், சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பைக்குள் நுழையும் குறுகலான இடத்தில் 6 மி.மீ. கல். அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கல் உள்ளவர்களில் சுமார் 10 முதல் 15 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் ரத்தம் தெரியாது. வலி தொடங்கி இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டால் இன்னும் அதிகம் பேருக்குத் தெரியாது. ரத்தம் இருந்தாலும் கல்தான் என்று முடிவு கட்ட முடியாது. குடல்வால் அழற்சியிலும் பெருந்தமனி வீக்கத்திலும்கூட அது தென்படலாம். ஆகவே பட்டையை மட்டும் நம்பி யாரையும் அனுப்பாதீர்கள். அப்புறம், குழந்தை பெறும் வயதுப் பெண் என்றால் அதே சிறுநீர் மாதிரியில் கர்ப்பப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

4. அல்ட்ராசவுண்ட்

நான் இதிலிருந்துதான் தொடங்குவேன். அமெரிக்காவில் 15 அவசரப் பிரிவுகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், அல்ட்ராசவுண்டில் தொடங்கியவர்களுக்கு ஆபத்தான நோய்கள் கூடுதலாகத் தவறிப்போகவில்லை, கதிர்வீச்சும் குறைந்தது. சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். சிறுநீர்ப்பை முட்ட நிறைந்திருந்தால் கல் இல்லாமலே லேசான வீக்கம் தெரியும்; சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி மறுபடி பாருங்கள். ஐம்பதைத் தாண்டியவருக்கு முதன்முறை இப்படி வலி என்றால், கருவியைக் கீழே வைக்குமுன் வயிற்றுப் பெருந்தமனியை அளந்துவிடுங்கள். 3 செ.மீ. எட்டினால் அது வீக்கம். அந்த நிலையில் கல்லைப் பற்றிய பேச்சே அப்புறம்தான்.

5. சி.டி.

சந்தேகம் தீராவிட்டாலோ, வலி அடங்காவிட்டாலோ, ஒற்றைச் சிறுநீரகமானாலோ சாய மருந்து இல்லாமல், குறைந்த கதிர்வீச்சில் எடுக்கச் சொல்லுங்கள். 5 மி.மீ.க்கு உட்பட்ட கற்கள் பெரும்பாலும் தானே இறங்கிவிடும்.

பின்சேர்க்கை: சி.டி.யில் இடுப்புக்குள் தெரியும் வெள்ளைப் புள்ளி கல்லா, சிரையில் படிந்த சுண்ணாம்பா என்று பலர் கேட்டிருந்தீர்கள். புள்ளியிலிருந்து தொடங்காதீர்கள். சிறுநீரகத்திலிருந்து குழாயைப் படம் படமாகக் கீழே தொடர்ந்து வாருங்கள். புள்ளி குழாய்க்குள்ளேயே இருந்து, சுற்றி மெல்லிய திசு வளையமும் தெரிந்தால் கல்தான்.

இன்னொரு கேள்வி, காய்ச்சலோடு அடைப்பும் இருந்தால்? ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்த கையோடு சிறுநீரகச் சிகிச்சை நிபுணருக்கு போன் போடுங்கள். ஸ்டென்ட் (சிறுநீர்க்குழாய்க்குள் வைக்கும் மெல்லிய குழாய்) வைத்தோ முதுகு வழியே குழாய் செருகியோ சிறுநீரை உடனே வடித்தாக வேண்டும். காலை ரவுண்ட்ஸ் வரை பொறுக்கக் கூடாது.