ஸ்மார்ட் டிபி பாக்ஸ் பொருத்த ஆள் அமர்த்தும்போது

வீட்டு டிபி பாக்ஸை, அதாவது மீட்டரிலிருந்து வரும் கரண்டை அறைகளுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டியை, மொபைலில் பார்த்து இயக்கும்படி ஸ்மார்ட்டாக மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கருவியை வாங்கிவிட்டு, பிறகு அதை மாட்டித்தர ஆள் தேடுகிறார்கள். முதலில் ஆளைத் தேடி, அவர் வீட்டு வயரிங்கைப் பார்த்த பிறகு கருவியை முடிவுசெய்வதே சரியான வரிசை. நம் ஊரில் ஸ்மார்ட் டிபி என்பது பெரும்பாலும் தனி இயந்திரம் அன்று. லோடு மீறினால் விழும் எம்சிபி, மின்கசிவு வந்தால் விழும் ஆர்சிசிபி ஆகியவற்றின் வழக்கமான வரிசையோடு, ஒவ்வொரு சர்க்கியூட்டிலும் ஓடும் கரண்டை அளக்கும் சிடி வளையங்களும், வைஃபையில் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்களும் ஒரே பெட்டிக்குள் அமர்ந்திருப்பதுதான் அது. காணொளிகளில் காட்டப்படும் அமெரிக்கப் பேனல்கள் 120/240 வோல்ட் முறைக்கானவை என்பதால், 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸோ மூன்று ஃபேஸோ உள்ள நம் வீடுகளுக்கு அவை பொருந்தா.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லலாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழான யூனிட்டுகளுக்கும் சேர்த்தே கட்டண விகிதம் கூடிவிடுகிறது. எந்த ஏசி அந்த எல்லையை நோக்கி இழுக்கிறது என்பதை ரீடிங் எடுக்கும் முன்பே அறிந்துகொள்ள முடிந்தால் அது நல்ல லாபம்.

இந்த வேலையை யார் செய்யலாம் என்பதைச் சட்டமே சொல்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளின்படி, மின் இணைப்பு வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இவற்றை மின் உரிமம் வழங்கும் வாரியம் வழங்குகிறது. உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேமரா மாட்ட வந்தவர் ‘இதையும் நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நன்றி சொல்லி அனுப்பிவிடுவதே மேல்.

உரிமம் இருந்தால் மட்டும் போதாது. பழைய பெட்டியின் மூடியைத் திறந்து பார்க்காமல் விலை சொல்பவரை நான் அமர்த்த மாட்டேன், ஏனெனில் பிரச்சினைகள் அனைத்தும் அந்த மூடிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. முதலாவது, கரண்ட் திரும்பிச் செல்லும் வயரான நியூட்ரல். பல பழைய வீடுகளில் இரண்டு மூன்று சர்க்கியூட்டுகள் ஒரே நியூட்ரலைப் பகிர்ந்துகொண்டிருக்கும். வீடு முழுவதற்கும் ஒரே ஆர்சிசிபி இருக்கும்வரை இது வெளியே தெரியாது. புதிய பெட்டியில் மாடிக்கு ஒன்று, கீழ்த்தளத்துக்கு ஒன்று என்று பிரித்ததும், ஒன்றின் வழியாகப் போன கரண்ட் இன்னொன்றின் வழியாகத் திரும்புவதால், விளக்கைப் போட்டாலே ஆர்சிசிபி விழும். வேலை தெரிந்தவர் ஒரு சர்க்கியூட்டின் ஃபேஸ் வயரையும் நியூட்ரலையும் சேர்த்து, வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டருக்குள் விட்டுப் பார்ப்பார். இரண்டிலும் சம அளவு கரண்ட் எதிரெதிராக ஓடினால் மீட்டர் பூஜ்யம் காட்டும். காட்டாவிட்டால் நியூட்ரல் எங்கோ கலந்திருக்கிறது அல்லது கசிவு இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, மூன்று ஃபேஸ் வீடுகளில் ஒரு ஃபேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் ஃபேஸ் செலக்டர். சிடி வளையங்களின் அளவைக் கணக்கிடும் மானிட்டர் வோல்டேஜை ஒரு ஃபேஸில் எடுத்துக்கொண்டிருக்க, லோடு வேறு ஃபேஸுக்கு மாறிவிட்டால், 2000 வாட் ஹீட்டர் மொபைல் செயலியில் மைனஸ் 1000 வாட் என்று தெரியும். வீட்டு ஹீட்டர் மின்சாரம் உற்பத்தி செய்வதுபோல! வோல்டேஜ் இணைப்பைச் செலக்டரைத் தாண்டி லோடு பக்கத்தில் எடுத்தால் இது தீரும். இன்வெர்ட்டரும் சோலாரும் இருந்தால் அவற்றின் நியூட்ரல் எங்கே சேர்கிறது என்பதையும் அவரே கேட்க வேண்டும். கேட்காதவருக்கு இந்த வேலை புதிது.

மோட்டார் விஷயத்தில் நான் பட்ட அனுபவம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் முதலில் வேலை செய்தவர், ஒரு குதிரைத்திறன் பம்பு மோட்டாரை ‘16 ஆம்பியர்’ என்று அச்சிட்ட ரிலேயில் நேரடியாகக் கொடுத்துவிட்டார். ஓடும்போது ஆறு ஆம்பியர் அளவே எடுத்தாலும், மோட்டார் கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். ரிலேயின் மேல் எழுதியிருக்கும் எண்ணோ ஹீட்டர் போன்ற லோடுக்கானது. சில மாதங்களில் ரிலேயின் காண்டாக்ட் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. செயலி ‘ஆஃப்’ என்று காட்டிக்கொண்டிருக்க, மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் சுவரில் இறங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ரிலே, கான்டாக்டர் என்னும் கனமான சுவிட்சை மட்டும் இயக்க வேண்டும், மோட்டாரின் கரண்ட் கான்டாக்டர் வழியாகப் போக வேண்டும். நீங்கள் அமர்த்தப்போகிறவரிடம் ‘மோட்டாரை எப்படிக் கொடுப்பீர்கள்?’ என்று கேட்டாலே அவருடைய அனுபவம் தெரிந்துவிடும். அதேபோல் ரிலே இருக்கிறதே என்று எம்சிபியைக் குறைக்கும் யோசனைக்கு எக்காரணம் கொண்டும் உடன்படாதீர்கள். செயலியில் அணைத்துவிட்டு வயரைத் தொடுவது உயிருக்கே ஆபத்து.

மதிப்பீட்டை மொத்தத் தொகையாக அன்றி, ஒவ்வொரு பொருளின் பிராண்டும் ஆம்பியரும் குறிப்பிட்டு எழுத்தில் வாங்குங்கள். எம்சிபியும் ஆர்சிசிபியும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளவையாகவும், ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுவதாகவும் இருக்கட்டும். முழு இரும்புப் பெட்டிக்குள் வைஃபை சரியாக எட்டாது என்பதால் மூடி பிளாஸ்டிக்கா, வெளி ஆன்டெனா உண்டா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். மீட்டரிலுள்ள மின்வாரிய சீலை ஒப்பந்தக்காரர் தொடக் கூடாது.

வேலை முடியும் நாளில் நீங்கள் வீட்டில் இருப்பது அவசியம். மெக்கர் என்னும் சோதனைக் கருவியை வைத்து வயர்களின் இன்சுலேஷனைச் சோதித்து, எர்த்தை அளந்து, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டி, அளவுகளை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். செயலியின் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் தொடங்கப்பட வேண்டும். ஒப்பந்தக்காரரின் மின்னஞ்சலில் இருந்தால் வீட்டின் சுவிட்ச் அவர் கையில் இருக்கிறது என்றே அர்த்தம். பிறகு ரூட்டரை அணைத்துவிட்டு, இணையம் இல்லாமல் ஒவ்வொரு சர்க்கியூட்டும் கையால் இயங்குகிறதா என்று பாருங்கள். எந்த எம்சிபி எந்த அறைக்கு என்ற பட்டியலைத் தமிழில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டச் சொல்லி, தொகையில் பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஒரு மாதம் கழித்து அவர் வந்து முனைகளின் திருகுகளை மீண்டும் முறுக்கிய பிறகு கொடுங்கள்.