வண்டி டோட்டல் லாஸ் ஆனால், நீங்கள் மாட்டிய அலாய் வீலுக்கும் ஸ்டீரியோவுக்கும் பணம் வருமா?

பாலிசியில் அதற்கென்று தனியாகத் தொகை எழுதியிருந்தால் வரும், எழுதவில்லை என்றால் வராது. பில் பத்திரமாக இருக்கிறதா, சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வருபவர்) கண்ணால் பார்த்தாரா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். முதல் தடவை கார் வாங்கியவர்களை மனதில் வைத்து, இந்தியாவில் எடுக்கும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசிக்கு, அதாவது உங்கள் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பதற்கு மட்டும் சொல்கிறேன். தேர்டு பார்ட்டி (அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான பாலிசி) மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வண்டிக்கே பைசா வராது, ஸ்டீரியோவைப் பற்றிப் பேசி என்ன பிரயோஜனம்.

படி 1: ஐடிவி கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

டோட்டல் லாஸ் என்றால் வண்டி அப்பளமாக நொறுங்கியிருக்க வேண்டும் என்று இல்லை. ரிப்பேர் செலவு ஐடிவியில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினாலே அந்தக் கணக்கில் போய்விடும். 2023 மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் மிதந்துபோன வீடியோவைப் பார்த்திருப்பீர்கள்; இன்ஜினிலும் வயரிங்கிலும் தண்ணீர் ஏறிவிட்டால் வெளியே ஒரு கீறல்கூட இல்லாத காரும் டோட்டல் லாஸ் ஆகலாம்.

ஐடிவி என்பது அந்த மாடலுக்குக் கார் கம்பெனி போட்டிருக்கும் விற்பனை விலையிலிருந்து வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழித்த தொகை. 6 மாதம் வரை 5%, ஒரு வருடம் வரை 15%, இரண்டு வருடம் வரை 20%, அப்புறம் ஒவ்வொரு வருடத்துக்கும் 10% கூடி ஐந்தாம் வருடத்தில் 50%. அதற்கு மேல் வயதான வண்டிக்கு நீங்களும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசி முடிவு செய்வதுதான். உதாரணமாக 9 லட்சம் ரூபாய் காருக்கு மூன்றாவது வருடத்தில் ஐடிவி 6,30,000. இதில் நீங்கள் வெளியே வாங்கி மாட்டிய எதுவும் சேரவில்லை, ஏனென்றால் கார் கம்பெனி விலைப்பட்டியலில் அது இல்லவே இல்லை.

படி 2: பாலிசி ஷெட்யூலை (பாலிசியின் விவரப் பக்கத்தை) எடுத்துப் பாருங்கள்

இப்போதே எடுங்கள், பிடிஎஃப் மெயிலில் கிடக்கும். முதல் பக்கத்திலேயோ அடுத்த பக்கத்திலேயோ ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: வண்டியின் மதிப்பு, நான் எலெக்ட்ரிக்கல் (கரன்ட் தேவைப்படாத) ஆக்சசரீஸ், எலெக்ட்ரிக்கல் ஆக்சசரீஸ், சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட், கடைசியில் மொத்தம். நடுவில் உள்ள மூன்று கட்டங்களிலும் 0 என்று இருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனியைப் பொறுத்தவரை உங்கள் வண்டியில் கூடுதலாக எதுவும் இல்லை.

"ஷோரூம்லயே போட்டது சார், அதெல்லாம் தானா சேர்ந்திருக்கும்" என்று சேல்ஸ்மேன் சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். வேரியன்ட்டோடு ஃபேக்டரியிலிருந்து வந்தது சேர்ந்திருக்கும். டீலர் தனி பில் போட்டு மாட்டிக் கொடுத்தது நீங்கள் சொன்னால்தான் சேரும்.

படி 3: பட்டியலும் பில்லும்

அலாய் வீல், சீட் கவர், ரூஃப் கேரியர் நான் எலெக்ட்ரிக்கல். ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், ஃபாக் லாம்ப், டேஷ்கேம் எலெக்ட்ரிக்கல். ஜிஎஸ்டி பில் இருக்கட்டும், துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்ததெல்லாம் சண்டைக்குத்தான் உதவும். மாட்டிய பிறகு நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: சட்டப்படி மாட்டக்கூடியதுதானா?

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. வண்டியின் முன்னால் மாட்டும் புல் பார் (இரும்புத் தடுப்பு) மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சிஎன்ஜி கிட், கலர் மாற்றம் இரண்டையும் ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் ஏற்ற வேண்டும். ஏற்றாத சிஎன்ஜி கிட்டோடு வண்டி தீப்பிடித்தால் கிட்டின் விலை மட்டும் போகாது, மொத்த கிளெய்மும் சிக்கலில் மாட்டும். இன்ஜின் ரீமேப் (பவரைக் கூட்ட இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றுவது), சத்தமான எக்ஸாஸ்ட் எல்லாம் செய்துவிட்டுக் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் மூச்சுவிடாமல் இருப்பதும் அதே ரகம்தான்.

படி 5: எண்டார்ஸ்மென்ட் (நடப்பு பாலிசியில் திருத்தம்) கேளுங்கள்

ரின்யூவல் வரை காத்திருக்க வேண்டாம். பட்டியல், பில், போட்டோவோடு கம்பெனிக்கு மெயில் அனுப்பி, பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். வண்டியை நேரில் பார்க்க ஆள் அனுப்பலாம். எலெக்ட்ரிக்கல் பொருளுக்குப் பழைய மோட்டார் டாரிஃப்பில் (பிரீமியம் கட்டணப் பட்டியலில்) அதன் மதிப்பில் 4% பிரீமியம், இன்றைக்கும் பல இடங்களில் அதே கணக்குதான். ஃபேக்டரியில் வராத சிஎன்ஜி கிட்டுக்கும் அதே 4%, கூடவே தேர்டு பார்ட்டி பக்கம் 60 ரூபாய். நான் எலெக்ட்ரிக்கலுக்கு வண்டிக்கு உள்ள ஓன் டேமேஜ் (சொந்த வண்டியின் சேதம்) பிரீமிய விகிதமே பொருந்தும்.

பணம் எவ்வளவு என்று பாருங்கள். 48,000க்கு அலாய் வீல், 36,000க்கு ஸ்டீரியோ, வண்டியோடு சேர்த்து வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது வருடத்தில் 30% தேய்மானம் போக 33,600, 25,200, மொத்தம் 58,800. ஸ்டீரியோவுக்கான கூடுதல் பிரீமியம் 1,008 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடித்து இருபத்தைந்தாயிரத்தை விடுவதில் எனக்கு ஒரு லாபமும் தெரியவில்லை. பணம் கட்டியதோடு விடாமல், திருத்திய ஷெட்யூல் கைக்கு வந்ததும் அந்தக் கட்டத்தில் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: ஆட் ஆன் (கூடுதல் பிரீமியம் கட்டி எடுக்கும் கவர்) காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள்

தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் ஜீரோ டெப், ரிப்பேருக்கான பாகங்களுக்குத்தான், டோட்டல் லாஸில் அதற்கு வேலையில்லை. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் எடுத்திருந்தால் வண்டியின் இன்வாய்ஸ் விலை வரும், ஆனால் இன்வாய்ஸில் இல்லாத அலாய் வீல் பொதுவாக அதில் வராது. வார்த்தைக்கு வார்த்தை பாலிசியைப் படித்துவிடுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

படி 7: டோட்டல் லாஸ் என்று சொல்லிவிட்டால்

சர்வேயர் வரும்போதே ஆக்சசரீஸ் பட்டியலையும் பில்லையும் கையில் கொடுங்கள், மெயிலிலும் அனுப்புங்கள். செட்டில்மென்ட் கடிதத்தில் வண்டிக்கு இவ்வளவு, ஆக்சசரீஸுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கழிவாக கம்பல்சரி எக்ஸஸ், அதாவது நீங்களே ஏற்க வேண்டிய பங்கு இருக்கும், 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. லோன் பாக்கி இருந்தால் பணம் முதலில் பேங்க்குக்குத்தான் போகும்.

பாலிசியில் ஏற்றாத பொருளைக் கழற்றி எடுத்துக்கொள்ள முடியுமா என்றால், கேட்டுப் பார்க்கலாம், ஆனால் எழுத்தில் கேளுங்கள். ஸ்கிராப் வாங்குபவர் வண்டியைப் பார்த்து விலை சொல்லிவிட்ட பிறகு நீங்கள் பாட்டுக்கு ஸ்டீரியோவைக் கழற்றினால் தகராறு வரும். ஏற்றிய பொருளுக்குப் பணம் வாங்கிவிட்டால் அது உங்களுடையது இல்லை, அதைத் தொடவே வேண்டாம்.

தொகையில் பிரச்சினை என்றால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம்) போகலாம், தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் வைக்க வேண்டியதில்லை.