கடல் காத்து அடிக்கிற ஊர்ல கார் துருவ வீட்லயே சரி பண்றது எப்படி

தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், சென்னையில திருவான்மியூர் பெசன்ட் நகர் பக்கம்னு கடலுக்கு கிட்ட கார் வச்சிருக்கிறவங்க இத கண்டிப்பா பாத்திருப்பீங்க. பின் வீல் ஆர்ச் ஓரத்துல, இல்லன்னா கதவோட அடி மடிப்புல பெயிண்ட் லேசா உப்பி நிக்கும், வெளிய பாக்க ஒரு கடுகு இல்ல மிளகு அளவுதான். கட்டைவிரலால அமுக்கினா நொறுக்குன்னு உள்ள போகும், நகத்தால நெம்பினா பெயிண்ட் ஒரு ஏடா உரிஞ்சு வரும், அடியில செங்கப்பொடி மாதிரி கொட்டும். உரிக்க உரிக்க கடுகு அளவு தெரிஞ்சது ஒரு ரூபா காசு அளவுக்கு விரியும். இத பாத்து பயப்பட வேண்டாம், தகடு உள்ள கெட்டியா இருந்தா இத நீங்களே சரி பண்ணிடலாம். ஆனா அப்படியே மேல பட்டி (பள்ளம் அடைக்கிற பசை) வச்சு பெயிண்ட் அடிச்சு மூடுற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், சொத்தைப் பல்ல சுரண்டாம மேல அடைக்கிற கதைதான் அது, அடுத்த மழைக்குள்ள பழையபடி உப்பிட்டு வரும், முன்னவிட பெருசா.

இது ஏன் உப்புதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. இரும்பு துருவா மாறும்போது இருந்த இடத்தவிட பல மடங்கு இடம் எடுக்கும், அதான் பெயிண்ட்ட கீழ இருந்து தூக்குது. இரும்புக்கு காத்தும் ஈரமும் இருந்தாலே துரு பிடிக்கும், அதோட உப்பு சேர்ந்தா வேகம் ரொம்ப கூடிடும், ஏன்னா உப்பு கரைஞ்ச தண்ணி கரண்ட்ட நல்லா கடத்தும், துரு பிடிக்கிறதே ஒரு குட்டி பேட்டரி வேலைதான். இன்னொரு விஷயம், உப்பு காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுத்து வச்சுக்கும். அதனால மழையே இல்லாத மாசத்துலயும் கடற்கரை ஊர்ல தகடு முழுசா காயுறதே இல்ல.

முதல்ல காரு முழுக்க ஒரு தடவை பாருங்க, வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. வீல் ஆர்ச்சோட உள் மடிப்ப விரல் விட்டு தடவிப் பாருங்க, சேறு அங்கதான் தங்கும். கதவோட அடி, ரன்னிங் போர்டு (கதவுக்கு கீழ நீளமா ஓடுற பாடி தகடு), முன் கண்ணாடி பீடிங் ஓரம், பேட்டரி உக்காருற தட்டு, டிக்கில ஸ்டெப்னி வைக்கிற குழி, பெட்ரோல் போடுற மூடிக்குள்ள. அப்புறம் முக்கியமா முன்னாடி ரெண்டு சீட்டு அடியில மேட்ட தூக்கிப் பாருங்க. சந்தேகமான இடத்துல எல்லாம் ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டுங்க. கணீர்னு கேட்டா தகடு நல்லா இருக்கு, சொத்துன்னு கேட்டா முனையால குத்திப் பாருங்க. உள்ள இறங்கிடுச்சுன்னா அது உப்புத்தாள் வேலை கிடையாது, வெல்டிங் வேலை.

இதுல ஒரு கோடு போட்டுக்கணும். ரன்னிங் போர்டு, ஷாக் அப்சார்பர் மேல மாட்டுற இடம், சீட் பெல்ட் போல்ட் இருக்கிற இடம், சஸ்பென்ஷன் ஆர்ம் மாட்டுற இடம், ஜாக்கி வைக்கிற இடம், இதுல எங்க ஓட்டை விழுந்திருந்தாலும் நல்ல டிங்கர்கிட்ட போய் அழுகினத வெட்டி எடுத்து புது தகடு வச்சு வெல்டிங் பண்ணிடுங்க. ஃபைபர் ஷீட் ஒட்டி பட்டி போட்டு தரேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, ஆக்சிடென்ட்ல உங்கள காப்பாத்துற எலும்பு அது. பிரேக் பைப்புல துரு செதிலா வந்திருந்தாலும் சுரண்டக்கூட வேணாம், மாத்துங்க. பிரேக் டிஸ்க் மேல மட்டும் மழைக்கு அப்புறம் ஆரஞ்சு கலர்ல ஒரு பூச்சு வரும், அது நாலு தடவை பிரேக் அடிச்சா போயிடும், அதுல எதையும் தடவிடாதீங்க.

சரி, மேலோட்டமான துருவுக்கு வருவோம். காலம் பாத்து பண்ணுங்க, மாசியில இருந்து சித்திரை வரைக்கும் தோது, ஐப்பசி கார்த்திகை மழையில ஆரம்பிச்சா ஈரத்த உள்ள வச்சு பூட்டுற மாதிரி ஆகிடும். வாங்க வேண்டியது, 80, 120, 320 நம்பர் உப்புத்தாள், 600, 800, 2000 வாட்டர் பேப்பர், கம்பி பிரஷ், தின்னர், எபாக்ஸி பிரைமர், மாஸ்கிங் டேப், கண்ணுக்கு கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க், கையுறை. காரோட கலர் கோட் நம்பர் பெரும்பாலும் பேனட்டுக்குள்ள இல்ல கதவு ஓரத்துல இருக்கிற பிளேட்லயே போட்டிருக்கும், அந்த நம்பர குடுத்தா பெயிண்ட் கடையில கலந்து ஸ்ப்ரே கேன்லயே அடைச்சு தருவாங்க. சென்னையில இருக்கிறவங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல இதெல்லாம் கிடைக்கும், பழைய கதவோ மட்கார்டோ வேணும்னா புதுப்பேட்டை இருக்கவே இருக்கு. ஒரு கதவு அடி முழுக்க அழுகிட்டா அத ரிப்பேர் பண்றதவிட அதே மாடல்ல நல்ல கதவு ஒண்ணு வாங்கி மாட்டுறது எவ்வளவோ மேல்னு நான் நினைக்கிறேன்.

சுரண்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்த இடத்த நல்ல தண்ணியில ஷாம்பு போட்டு கழுவுங்க, இல்லன்னா மேல இருக்கிற உப்பையும் எண்ணெயையும் நீங்களே தேச்சு உள்ள ஏத்துவீங்க. நல்லா காஞ்சதும் சுத்தி டேப் ஒட்டி 80 நம்பர் பேப்பரால தேயுங்க. உப்பின இடத்தோட நிக்காதீங்க, துரு பெயிண்ட்டுக்கு அடியில பக்கவாட்டுல ஊர்ந்து போயிருக்கும், நல்ல பெயிண்ட் இறுக்கமா பிடிச்சிருக்கிற இடம் வர்ற வரைக்கும் போகணும். தகடு வெள்ளையா பளபளன்னு வரணும். அதுல கருப்பு கருப்பா குட்டி குழி தெரியும் பாருங்க, அதுதான் வில்லன், அங்கதான் உப்பு ஒளிஞ்சிருக்கும், கம்பி பிரஷ்ஷோட முனைய வச்சு குடையுங்க.

இப்போ நிறைய பேர் பண்ணாத ஒரு வேலை. தேச்ச இடத்துல நல்ல வெந்நீர் ஊத்தி பிரஷ் போட்டு கழுவி, ஹேர் டிரையர் வச்சு காய வச்சுட்டு ஒரு அரைமணி நேரம் சும்மா விட்டுப் பாருங்க. குழிக்குள்ள குட்டி குட்டியா ஆரஞ்சு புள்ளி பூத்துச்சுன்னா உப்பு இன்னும் உள்ள இருக்குன்னு அர்த்தம், திரும்ப தேச்சு திரும்ப கழுவுங்க. இது பொறுமைய சோதிக்கும், ஆனா கடற்கரை ஊர்ல போட்ட பெயிண்ட் நிக்குதா நிக்கலையான்னு முடிவு பண்றது இந்த அரைமணி நேரம்தான்.

குழி ஆழமா இருந்து என்ன பண்ணியும் கருப்பு போகலன்னா ரஸ்ட் கன்வெர்ட்டர், அதாவது துருவ வேற பூச்சா மாத்துற மருந்து, போடலாம். டானிக் ஆசிட் வகையா இருந்தா தடவின கொஞ்ச நேரத்துல செம்பழுப்பு அப்படியே ஊதா கலந்த கருப்பா மாறும், பாஸ்பாரிக் ஆசிட் வகை சாம்பலா ஒரு பூச்சு விடும். செதிலா நிக்கிற துரு மேல இத ஊத்தினா மேல்தோல் மட்டும்தான் மாறும், அதனால சுரண்டாம தப்பிக்கிற வழி இது கிடையாது. சிலத கழுவணும், சிலத கழுவக்கூடாது, சிலது மேல எபாக்ஸி ஒட்டாது, பாட்டில்ல போட்டிருக்கிறத படிச்சுட்டு அதன்படியே பண்ணுங்க. கழட்டக்கூடிய சின்ன போல்ட்டு, கிளாம்பு இதுக்கெல்லாம் கன்வெர்ட்டரே வேணாம், ராத்திரி முழுக்க வினிகர்ல ஊறப்போட்டு, காலையில பிரஷ் போட்டு, ஆப்ப சோடா கரைச்ச தண்ணியில அலசி உடனே காய வச்சு பெயிண்ட் அடிச்சா போதும்.

பளபளன்னு வந்த தகட்ட வெறும் கையால தொடாதீங்க, வேர்வையிலயும் உப்புதான். தின்னர் தொட்ட சுத்தமான துணியால துடைச்சுட்டு அன்னைக்கே எபாக்ஸி பிரைமர் அடிச்சிடணும், நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்டா கடல் காத்து ராத்திரியே வேலைய காட்டிடும். எபாக்ஸின்னு நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. சாதாரண பிரைமரும் பட்டியும் ஈரத்த உறிஞ்சும், எபாக்ஸி ஈரத்த உள்ள விடாது. அதனால வரிசை இதுதான், தகடு, அதுமேல எபாக்ஸி, அது காஞ்சதும் லேசா தேச்சுட்டு பள்ளம் இருந்தா மட்டும் பட்டி. வெறும் தகட்டுல நேரா பட்டி வைக்கிற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு, கடலுக்கு தள்ளி இருக்கிற ஊர்ல ஓடலாம், நம்ம ஊர் காத்துக்கு அது தாங்காது.

பட்டி மெல்லிசா இருக்கணும், 2, 3 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது. ஒரு எலுமிச்சம்பழம் அளவு பட்டிக்கு கொண்டைக்கடலை அளவு ஹார்டனர் போதும், வெயில் காலத்துல சீக்கிரம் இறுகிடும், அதனால கொஞ்சம் கொஞ்சமா குழைங்க. காஞ்சதும் 120, அப்புறம் 320, பின்னாடி ஒரு சின்ன மரக்கட்டைய வச்சு தேயுங்க, விரலால தேச்சா விரல் விரலா பள்ளம் விழும். சமமா வந்துச்சான்னு கண்ண மூடிட்டு உள்ளங்கையால தடவிப் பாருங்க, கண்ணுக்கு தெரியாத மேடு கைக்கு தெரியும். தேச்சதுல தகடு எங்கயாவது எட்டிப் பாத்துச்சுன்னா அங்க திரும்ப எபாக்ஸி.

பெயிண்ட் அடிக்கிறது கடைசியில சின்ன வேலைதான். 600 வாட்டர் பேப்பர் போட்டு காய வச்சு, கேன ரெண்டு நிமிஷம் நல்லா குலுக்கி, ஒரு ஜாண் தள்ளி பிடிச்சு மெல்லிசா மூணு நாலு கோட்டு, நடுவுல பத்து பத்து நிமிஷம் விடுங்க. நேர் வெயில்ல சூடான தகட்டு மேல அடிக்காதீங்க, பனி இறங்குற நேரத்துலயும் வேண்டாம், காலையில பனி காஞ்சதுக்கு அப்புறம் நிழல்ல வச்சு அடிக்கிறதுதான் சரி. கலருக்கு மேல கிளியர் கோட்டு. ரெண்டு மூணு நாள் கழிச்சு ஓரத்த 2000 பேப்பர் தண்ணி தொட்டு தேச்சு பாலிஷ் போட்டா ஒட்டு தெரியாது. ஹார்டனர் கலக்குற 2கே பெயிண்ட் நல்லா உழைக்கும்தான், ஆனா அதுல இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலுக்கு ரொம்ப கெடுதல், துணி மாஸ்க்கெல்லாம் அத தடுக்காது, சரியான ரெஸ்பிரேட்டரும் காத்தோட்டமும் இல்லாம வீட்ல அத தொடாதீங்க, குழந்தைங்க இருக்கிற வீடுன்னா இன்னும் கவனம். பெட்ரோல் டேங்க் பக்கத்துல கிரைண்டர் போட்டு பொறி பறக்க விடக்கூடாது. காருக்கு அடியில படுக்கிறதா இருந்தா ஜாக்கிய மட்டும் நம்பாதீங்க, ஸ்டாண்ட் வைங்க.

பேனட்ல கல் பட்டு தெறிச்ச புள்ளிக்கெல்லாம் இவ்வளவு வேணாம், தீக்குச்சி முனையில பேப்பர சுத்தி புள்ளிய மட்டும் தேச்சு, அதே மாதிரி குச்சியால ஒரு சொட்டு பிரைமர், காஞ்சதும் ஒரு சொட்டு டச் அப் பெயிண்ட். தெறிச்ச வாரமே பண்ணிடணும், அவ்வளவுதான்.

இப்போ வராம தடுக்கிறது, எனக்கு ரொம்ப முக்கியமா படுறது இதுதான். நம்ம ஊர்ல கார தினமும் பாசமா கழுவுறாங்க, ஆனா போர் தண்ணியில. கடற்கரை பக்கம் நிறைய போர்ல வர்றது உப்புத்தண்ணி. வாயில வச்சுப் பாருங்க, கரிச்சுச்சுன்னா அது காருக்கு ஆகாது, நீங்க கழுவல, உப்பு தெளிக்கிறீங்க. வாரம் ஒரு தடவை ரெண்டு பக்கெட் நல்ல தண்ணி போதும், தினம் போர் தண்ணி அடிக்கிறதவிட அது நூறு மடங்கு மேல். மேல் பக்கத்தவிட அடிப்பக்கத்துக்கு அந்த தண்ணி போகணும், வீல் ஆர்ச் உள்ள சேறு உருகி ஓடுற வரைக்கும். பீச் மணல்ல வண்டிய இறக்கினா அன்னைக்கே கழுவணும். மாருதி ஆம்னி வேன்லயோ டாட்டா ஏஸ்லயோ மீன் பெட்டி ஏத்துறவங்களுக்கு ஐஸ் உருகி வடியிற தண்ணிதான் எமன், அடியில தட்டு வச்சு பைப்பு போட்டு அத வெளிய விடுங்க, இறக்கின கையோட நல்ல தண்ணி விடுங்க.

அடுத்தது தண்ணி வெளிய போற வழி. ஒவ்வொரு கதவோட அடியிலயும், ரன்னிங் போர்டு அடியிலயும் குட்டி ஓட்டை இருக்கும், கம்பெனியே வச்சது. தூசியும் பழைய பாலிஷும் சேர்ந்து அத அடைச்சிடும், கதவ ஆட்டும்போது உள்ள சலசலன்னு கேட்டா தண்ணி நிக்குது. ஒரு கேபிள் டை இல்ல மெல்லிசு கம்பி விட்டு குத்தி விடுங்க. துரு தடுக்கிற கோட்டிங் அடிக்கிறவங்க இந்த ஓட்டையையும் சேர்த்து அடைச்சிருக்காங்களான்னு கண்டிப்பா பாருங்க.

முன் சீட் மேட்டு ஈரமா இருந்தா கண்ணாடி ஒழுகுதுன்னு மட்டும் நினைக்காதீங்க, இடது பக்கம்னா பெரும்பாலும் ஏசி தண்ணி வெளிய போற டியூப் அடைச்சிருக்கும். ஏசி ஓடும்போது காருக்கு அடியில தண்ணி சொட்டலன்னா அது உள்ளதான் கொட்டுது, மேட்டுக்கு அடியில இருக்கிற பஞ்சு அத குடிச்சு வச்சுக்கும், மேல தொட்டா காஞ்ச மாதிரியே இருக்கும். ஃப்ளோர் முழுக்க ஒட்டுற லேமினேஷன் மேட்டிங்க கடற்கரை ஊர்ல நான் சிபாரிசு பண்ணவே மாட்டேன், கழட்டி காய வைக்கிற மேட்டுதான் நல்லது. 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் தண்ணி ஏறின வண்டிங்க இன்னும் கை மாறிட்டுதான் இருக்கு, பழைய கார் வாங்குறவங்க சீட்டு தண்டவாளத்தையும் மேட்டு அடியையும் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

அண்டர்பாடி கோட்டிங் நல்லதுதான், துரு இல்லாத புது வண்டிக்கு. ஏற்கனவே துரு இருக்கிற இடத்துல கருப்பா ரப்பர் கோட்டிங் அடிச்சா உள்ள ஈரத்தோட அது தின்னுக்கிட்டே இருக்கும், வெளிய தெரியாது. கதவுக்குள்ள, ரன்னிங் போர்டுக்குள்ள போடுறதுக்கு கேவிட்டி வேக்ஸ்னு டியூப்போட ஸ்ப்ரே வருது, காசு செலவு பண்றதா இருந்தா முதல்ல அதுக்கு பண்ணுங்கன்னு சொல்வேன், ஏன்னா துரு உள்ள இருந்துதான் வெளிய வருது. வாட்டர் சர்வீஸ் பண்ணிட்டு அடியில பழைய ஆயிலும் டீசலும் அடிக்கிறது லாரி காலத்து பழக்கம், துருவ கொஞ்சம் தள்ளிப் போடும், ஆனா புஷ்ஷு, மூட்டு மேல போடுற உறை மாதிரி ரப்பர் சாமானெல்லாம் ஊறி கெட்டுப் போகும், மண்ணுலயும் அந்த ஆயில் வழியும், வேண்டாம்.

பேட்டரி தட்டுல வெள்ளையா பூத்திருந்தா பேட்டரிய கழட்டி, ஆப்ப சோடா கரைச்சு ஊத்துங்க, நுரைச்சு அடங்கினதும் கழுவி காய வச்சு எபாக்ஸி அடிச்சு விடுங்க. கார் கவர் போடுறவங்க ஈர வண்டி மேல போடாதீங்க, மழை விட்டதும் கவர எடுத்து வண்டியையும் கவரையும் தனித்தனியா காய விடுங்க. வெளியூர் போயி ஒரு மாசம் வண்டி நிக்கப்போகுதுன்னா கவர் இல்லாம காத்தோட்டமான ஷெட்டுல நிறுத்துறதுதான் சரி, டிக்கிய திறந்து ஸ்டெப்னிய எடுத்து குழியில தண்ணி இருக்கான்னு பாத்துட்டு, அடியில இருக்கிற ரப்பர் அடைப்ப கழட்டி வடிச்சு, காஞ்சதும் மறக்காம திரும்ப மாட்டிட்டு கிளம்புங்க.